கேட்டதை எழுது

1994இல் இரணியல் ஸ்டேஷனில் காலை பாசஞ்சர் ஏறி, திருவனந்தபுரத்துக்கு என் முதல் இன்டர்வியூவுக்குப் போனேன். சந்தை ஆய்வு வேலை. தமிழும் மலையாளமும் பேசுகிற பெண்கள் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். "சந்தைக்குப் போறதுக்கு என்னத்துக்கு பிள்ளே டிகிரி?" என்றாள் அம்மை. எங்களுக்குச் சந்தை என்றால் பக்கத்திலிருக்கும் திங்கள்சந்தைதான்.

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் சான்றிதழைப் புரட்டிவிட்டு ஓரமாக வைத்தார். குளியல் சோப்பு பற்றிய நாலு பக்கக் கேள்வித்தாளை நீட்டினார். "நான் வீட்டுக்காரி. அடுப்பில் சோறு கொதிக்குது, நேரமில்லை. இனி நீங்க பேசுங்க" என்றார். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. "சோத்தை வடிச்சிட்டு வாங்கம்மா, நான் திண்ணையில இருக்கேன்" என்றேன். அவர் தலையசைத்து, மூன்று கேள்வித்தாள்களைக் கையில் கொடுத்துத் தெருவுக்கு அனுப்பினார்.

ஒரு வீட்டில் அந்த அம்மா ஒரு சோப்பின் பெயரைச் சொன்னார். கிணற்றடிக் கல்லில் நனைந்து கிடந்ததோ வேறொன்று. அவர் சொன்னதையே குறித்தேன். பார்த்ததைத் தாளின் ஓரத்தில் தனியாக எழுதினேன். சாயங்காலம் அதைப் பார்த்துவிட்டு இன்டர்வியூ எடுத்தவர் சொன்னார்: "கேட்டதை எழுது, நினைச்சதை எழுதாதே. இது தெரிந்தால் மற்றதை நாங்கள் சொல்லித் தருவோம்."

சொல்லியும் தந்தார்கள். தொடங்கிய இடத்திலிருந்து வலக்கைப் பக்கமாகவே வீடுகளை எண்ணிப் போக வேண்டும். பிடித்த வீட்டைப் பொறுக்கக் கூடாது. வீட்டில் யாரிடம் கேட்பது என்பதை 'கிஷ் கட்டம்' முடிவு செய்யும். புள்ளியியலாளர் லெஸ்லி கிஷ் 1949இல் எழுதிய முறை அது. எங்கள் பக்கத்தில் தும்பா ராக்கெட் தளத்தோடு சேர்த்தே நினைக்கப்படும் விக்ரம் சாராபாய், 1960இல் பரோடாவில் ஆபரேஷன்ஸ் ரிசர்ச் குரூப் என்ற ஆய்வு நிறுவனத்தையும் தொடங்கியவர் என்று அங்கேதான் அறிந்தேன். அன்றிலிருந்து என் வேலைமீது எனக்கு ஒரு மதிப்பு வந்தது.

போன மாதம் தங்கச்சி மகளுக்கு அதே துறையில் இன்டர்வியூ. ரயில் ஏறவில்லை, மாடி அறையில் லேப்டாப் முன்னால் உட்கார்ந்தாள். எக்செல், எஸ்பிஎஸ்எஸ், பவர் பிஐ தெரியுமா என்று கேட்டார்கள். ஒரு கோப்பை அனுப்பி, குறித்த நேரத்துக்குள் வரைபடம் போடச் சொன்னார்கள். எல்லாக் கேள்விக்கும் ஒரே மதிப்பெண் கொடுத்தவர்களை என்ன செய்வாய் என்பது அடுத்த கேள்வி. "நீக்கிடுவேன்னு சொன்னேன் பெரியம்மா" என்றாள்.

அவள் படித்தது அப்படி. ஆனால் அந்த ஒரே எண்ணுக்குப் பின்னால் அடுப்பில் சோறு வைத்த ஒருத்தி இருக்கலாம். கேள்வியைச் சுருக்கி வாசித்த களப்பணியாளர் இருக்கலாம். நீக்கும் முன் பேட்டி எத்தனை நிமிடம் நடந்தது, யார் எடுத்தார் என்று பார்க்க வேண்டும். அன்று அதற்காக மேற்பார்வையாளர் சில வீடுகளுக்குத் திரும்ப நடந்தார். இன்று டேப்லெட்டில் ஒலிப்பதிவும் ஜிபிஎஸ்ஸும் இருக்கின்றன. பார்க்க மனம் வேண்டும், அவ்வளவுதான்.

இன்னொன்றும் மாறியிருக்கிறது. 1988இல் வந்த சமூகப் பொருளாதார வகைப்பாட்டில் குடும்பத்தின் முக்கிய வருமானக்காரரின் படிப்போடு தொழிலையும் கேட்போம். 2011இல் வந்த முறையில் தொழில் போய்விட்டது. படிப்பும், மின்விசிறி, கேஸ் அடுப்பு, ஃபிரிட்ஜ் என 11 இனங்களில் எத்தனை உண்டு என்பதும் போதும் என்றானது. எண்ணுவது சுலபம், உண்மை. ஆனாலும் இரணியலில் தறி போட்ட வீட்டு வாசலில் நின்று "என்ன வேலை?" என்று கேட்டபோது, அவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்து பேசியதை நான் பார்த்திருக்கிறேன். வகைப்பாடு எதுவானாலும் அந்தக் கேள்வியைக் கேட்டுவிடு என்று தங்கச்சி மகளிடம் சொன்னேன்.

இரண்டாம் சுற்றுக்கு முன் அவளைத் திங்கள்சந்தைக்குக் கூட்டிப் போனேன். மரச்சீனிக் கிழங்கு விற்கும் அம்மாவிடம் பேசச் சொன்னேன். "ஏவாரம் நடக்கு மக்களே, பொறவு வா" என்றார் அவர். என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் வாய் திறக்கவில்லை. அவள் போனைப் பையில் போட்டுவிட்டு, கூட்டம் குறையட்டும் என்று சாக்கு ஓரத்தில் குத்தவைத்து உட்கார்ந்தாள்.