மிட்லாவுக்குப் போற மருமவனுக்கு

ஏலே மருமவனே, அமெரிக்காவுல கலிபோர்னியா பக்கம் ரெட்லண்ட்ஸுல வேலைக்குச் சேந்துட்டியாம், அக்கா ஊரு பூராஞ் சொல்லிட்டு அலையுதா. நல்லாரு. ஆனா போன்ல ஒரு வார்த்தை சொன்னியே, "மெக்சிகோக்காரன் சாப்பாடு எனக்கு அத்துப்படி மாமா, வாராவாரம் டாக்கோ பெல்லுதான்"னு. அதக் கேட்டதுலருந்து எனக்குச் சிரிப்பாணி அடங்கல. வீட்டுக்குப் பின்னால ஊத்துக்கெணறு கெடக்க, கேன் தண்ணிய வாங்கிக் குடிச்சுட்டு ருசி பேசுத பயடே நீ.

ஒன் வீட்டுலருந்து காருல ஏறுனா கொஞ்ச நேரத்துல சான் பெர்னார்டினோ வந்துரும். அங்க மவுண்ட் வெர்னான் ரோட்டுல மிட்லா கஃபேன்னு ஒரு கடை. 1937ல லூசியா ரோட்ரிகஸுன்னு ஒரு அம்மா தொறந்தது. அந்தக் காலத்துல ரூட் 66ங்கிற நெடுஞ்சாலை அந்த வழியாத்தான் போச்சு. எதுத்தாப்புல கிளென் பெல்லுன்னு ஒருத்தன் ஹாட் டாக்கும் பர்கரும் போட்டு வித்துட்டு இருந்தான். மிட்லா வாசல்ல சனம் வரிசை கட்டி நிக்கதப் பாத்தா அவனுக்குச் சும்மா இருக்க முடியுமா? தன் கடைய அடைச்சதும் இங்க வந்து உக்காந்து டாக்கோவத் தின்னு தின்னு பாத்தான். பக்குவம் பிடிபடல. கடைசியில இவங்களே அடுக்களைக்குள்ள கூப்பிட்டு, இப்படித்தான்யா செய்யணும்னு காட்டிக் குடுத்துட்டாவ. வெள்ளந்திச் சனம்!

அவன் 1962ல டவுனிங்கிற ஊருல டாக்கோ பெல்லத் தொறந்தான். 1978ல பெப்சிக்காரன் கையில வித்துட்டு நிம்மதியாப் போயிட்டான். ஒனக்கு அத்துப்படியானது அந்தச் சாப்பாடுதாம்டே. பாடஞ் சொல்லிக் குடுத்த அடுக்களை பழைய எடத்துலயே கெடக்கு. அதே குடும்பந்தான் நடத்துது. ஆனா நம்ம மருமவன் அங்க எட்டிப் பாக்க மாட்டாரு. பார்க்கிங் எப்படின்னு முதல்ல செல்லுல பாக்கணுமாம்.

சும்மா நாலு மேசை போட்ட சோத்துக்கடைன்னும் நெனச்சுராத. 1940கள்ல அந்த ஊருல நகராட்சி நீச்சல் குளம் ஒண்ணு இருந்துச்சு. வரிப்பணம் எல்லாரும் கட்டணும், குளிக்க மட்டும் மெக்சிகோக்காரன் மத்தவனோட சேந்து எறங்கப்படாது. அக்கம்பக்கத்துச் சனம் இந்த மிட்லாவுலதான் கூடிப் பேசுச்சு. பத்திரிகை நடத்துன இக்னாசியோ லோபஸ் முன்னால நின்னு கேஸப் போட்டாரு. 1944ல கோர்ட்டு இவங்க பக்கம் தீர்ப்புச் சொல்லி, குளத்துக் கதவு தொறந்துச்சு. ஒங்க ஆபீசு கேன்டீன்ல உக்காந்து என்னத்தப் பேசுதிய? இன்கிரிமென்டு.

சரி, போறதுன்னு முடிவாயிட்டா நான் சொல்லுததக் கேளு. மக வீட்டுல இருந்தப்ப அந்தப் பக்கத்துக் கடைகள்ல நானும் கை நனைச்சவந்தான்.

உக்காந்ததும் ஒரு கூடை சிப்ஸும் சல்சாவும் கொண்டாந்து வைப்பாவ. பெரும்பாலும் அதுக்குக் காசு கெடையாது. ஓசின்னா ஒன் கை தானா நீளும், அது பரம்பரைக் கோளாறு. ஒங்க அப்பாவும் கல்யாணப் பந்தியில அப்பளத்துலயே வயித்த ரொப்பிட்டு, பாயாசம் வந்தப்ப முழிச்சவருதான். ரெண்டு சிப்ஸோட நிறுத்து.

டார்ட்டியாவப் பாத்ததும் "சப்பாத்தி மாதிரி இருக்கு"ன்னு சொல்லுவ. சொல்லாம ஒன்னால இருக்க முடியாது, மெதுவாச் சொல்லு. மக்காச்சோளத்தச் சுண்ணாம்புத் தண்ணியில வேகவச்சு, ராத்திரி பூரா ஊறப்போட்டு, தோலக் கழுவி, அதுக்கப்புறந்தான் அரைக்காவ. சுண்ணாம்பு சேந்தாத்தான் சோளத்துல இருக்க நியாசின் சத்து ஒடம்புல ஒட்டும். இது தெரியாத ஐரோப்பாக்காரன் சோளத்த மட்டும் கப்பல்ல ஏத்திட்டுப் போயி, வித்தைய விட்டுட்டுப் போயிட்டான். இத்தாலி நாட்டு ஏழை சனம் மூணு வேளையும் சோளக்கூழக் குடிச்சு, பெலாக்ரா வந்து, தோலு வெடிச்சு, புத்தி பேதலிச்சுச் செத்துச்சு. அடுப்படியில நிக்க பொம்பளைக்குத் தெரிஞ்சது அம்புட்டு.

டாக்கோ வந்தா ஓட்டக் கவனி. அங்க டார்ட்டியாவுக்குள்ள கறிய வச்சு மடிச்சு, அப்படியே எண்ணெயில போட்டு எடுக்காவ. ஓரம் மொறுமொறுன்னு இருக்கும், மடிப்புல மெத்துன்னு இருக்கும், கறிச்சாறு உள்ள ஊறி நிக்கும். ஒன் டாக்கோ பெல்லுல ஓட்ட முன்னாலயே வறுத்து அடுக்கி வச்சுருப்பான், கேக்கும்போது உள்ளத் திணிப்பான். கடிச்ச ஒடனே ரெண்டா ஒடஞ்சு ஒன் சட்டையில கொட்டுமே, அதுக்குக் காரணம் அதான். நீ ஒன் பல்லச் சந்தேகப்பட்டுட்டு இருந்துருப்ப.

அப்புறம் அந்த மொளகாப்பொடி டப்பா. ஒன் பையில இருக்குன்னு எனக்குத் தெரியும். எடுக்காத. மொளகாயே அவங்க ஊருச் சரக்குடே. போர்ச்சுகீசியன் கப்பல்ல வந்து நம்ம அம்மிக்கு அது எறங்கி ஐநூறு வருசந்தான் இருக்கும். தக்காளியும் அந்தத் தெசைதான். கொல்லத் தெருவுல ஊசி விக்கப் போவாத. "காரம் பத்தல"ன்னு மீசைய முறுக்குனியோ, ஹபனேரோ மொளகா சல்சா ஒரு கிண்ணம் வரும். அன்னைக்கு ராத்திரி நீயே எனக்குப் போன் பண்ணுவ, மறுநா காலையில பண்ணவே மாட்ட.

வெள்ளிக்கெழமை சைவம்னா இன்னொண்ணு. பீன்ஸு மசியலப் பாத்துட்டு பருப்புதானேன்னு வாரிப் போட்டுக்கிடாத. பன்னிக் கொழுப்புல வதக்குதது பழைய கைப்பக்குவம். செவப்பாச் சோறு வரும், அதுலயும் பல கடையில கோழிச்சாறு ஊத்தியிருக்கும். வாயத் தொறந்து கேளு, உள்ளதச் சொல்லுவாவ. தின்னு முடிச்சுட்டுக் கேட்டா பாவம் பாதிதான்னு எங்கூட்டாளி ஒருத்தன் சொல்லுவான். அவன் பேச்சு ஒனக்கு வேண்டாம், ஒங்க ஆத்தாவுக்குத் தெரிஞ்சா என்னையில்லா ஏசுவா.

டாக்கோ வர அஞ்சு நிமிசம் பிந்துச்சுன்னு கூகுள்ல ரெண்டு ஸ்டார் போடுத வேலை வச்சுக்கிடாத. பில்லு வந்ததும் ரூவாயில பெருக்கிப் பாத்து நெஞ்சப் புடிக்காத. அந்த ஊரு வழக்கம் நூத்துக்கு 15, 20ன்னு டிப்ஸு வைக்கது. பதினெட்டாவது வச்சுட்டு எந்திரி. அஞ்ச வச்சுட்டு ஓடி வந்தன்னு என் காதுல விழுந்துச்சு, ஒனக்குப் பொண்ணு பாக்கப் போறப்ப நான் கூட வர மாட்டேன், சொல்லிட்டேன்.