மிலிட்டரி ஸ்கூல் கட்டப்போற பேராண்டிக்கு

ஏம்பா பேராண்டி, கச்சிராயபாளையம் ரோட்டுல, கல்வராயன் மலை தெரியற மாதிரி மிலிட்டரி ஸ்கூல் தொறக்கப் போறியாமே. பேஷ்! வாத்தியார் யாருன்னு கேட்டா, ‘அத அப்புறம் பாத்துக்கலாம் தாத்தா’ங்கற. வாசல்ல நிறுத்தற பீரங்கி பொம்மைக்கு மட்டும் கொட்டேஷன் வாங்கிட்ட. பொழைக்கத் தெரிஞ்சவன்டா நீ.

ஒரு பழைய பட்டாளத்துப் பள்ளிக்கூடத்துக் கதை சொல்றேன், கேளு. சின்னசேலத்துல ரயிலேறி எழும்பூர்ல எறங்குறியே, அந்த ஸ்டேஷன் 1908-ல வந்தது. அதுக்கு முன்ன அந்த எடத்துல ஒரு சின்னக் கோட்டை. கும்பினிப் பட்டாளத்து வெள்ளைக்கார சோல்ஜருங்களோட அனாதைப் பசங்களுக்கு அதுக்குள்ளதான் பள்ளிக்கூடம். பலபேருக்குத் தாய் நம்ம நாட்டுப் பொம்பள. 1789-ல அதை நடத்த வந்தாரு ஆண்ட்ரூ பெல்னு ஒரு ஸ்காட்லாந்து பாதிரி. பள்ளிக்கூடத்துச் சம்பளம் வேணாம்னுட்டாரு. ரொம்ப உருகாத. ஒரே ஆளு பல பட்டாளத்துக்குப் பாதிரின்னு ஏற்கெனவே சம்பளம் வாங்கிட்டிருந்தாரு.

குதிரையில போவறப்ப ஒருநாள், நம்ம பசங்க மணல்ல விரலால எழுதிப் படிக்கறதப் பாத்தாரு. தன் வாத்தியாருங்களயும் அப்படிச் சொல்லிக்குடுக்கச் சொன்னா, அவங்க ஒத்துக்கல. மனுசன் அசரல. ஜான் ஃபிரிஸ்கன்னு எட்டு வயசுப் பொடியனக் கூப்பிட்டு, சின்னவங்களுக்கு நீயே கத்துக்குடுன்னுட்டாரு. பொடியன் கத்துக்குடுத்துட்டான்! நம்ம திண்ணையில சட்டாம்பிள்ளை காலங்காலமா பாத்த வேலைதான். ஊருக்குப் போய் 1797-ல அத லண்டன்ல புத்தகமாப் போட்டாரு. ‘மெட்ராஸ் முறை’ன்னு இங்கிலாந்துல ஆயிரக்கணக்கான பள்ளிக்கூடத்துல அதான் நடந்துச்சு. செத்தப்ப அவரை வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில அடக்கம் பண்ணாங்க. அவரு வெச்சிட்டுப் போன பணத்துல ஸ்காட்லாந்துல எழுந்த பள்ளிக்கூடத்துக்கு இன்னிக்கும் பேரு மெட்ராஸ் காலேஜ். நம்ம சட்டாம்பிள்ளைக்கு? ராத்திரி புடிச்சிக் கட்ட வாத்தியார் வூட்டு மாடு.

எழும்பூர்ப் பசங்க 1870-கள்ல ஊட்டி லாரன்ஸ் பள்ளிக்கூடத்தோட சேர்ந்துட்டாங்க. கோட்டை இருந்த எடத்துல இப்ப நீ பொட்டிய வெச்சிக்கிட்டு கோச் நம்பர் தேடுற. உன்னக் கேட்டா, பள்ளிக்கூடம் போனதுக்கு அவங்க காம்பவுண்டு செவுத்த ஒசத்திக் கட்டலங்கறதுதான் காரணம்னு சொல்லுவ.

ஸ்மார்ட் போர்டு வாங்க பேங்குல லோன் கேட்டிருக்கியாம். கெடைக்கலன்னா கவலப்படாத, மணல் போதும். கோமுகி ஆத்துல நம்மாளுங்க ஒரு கூடையாவது மிச்சம் வெச்சிருக்காங்களான்னு மட்டும் மொதல்ல போய்ப் பாத்துட்டு வா.