பெருமாள்மலை வளைவிலிருந்து ஒரு விண்ணப்பம்

பெறுநர்:
தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம்,
சஃப்தர்ஜங் என்க்ளேவ், புது தில்லி.

அனுப்புநர்:
பழனிமலை (மேல்மலை, கீழ்மலை இரண்டும் சேர்த்து),
கொடைக்கானல் வட்டம், திண்டுக்கல் மாவட்டம்.

பொருள்: வழிகாட்டி நெறிமுறைகள் – மலையேறாமல் நிற்பது – திருத்தம் கோருதல் – தொடர்பாக.

பார்வை:
1. பேரிடர் மேலாண்மைச் சட்டம், 2005.
2. இன்சிடென்ட் ரெஸ்பான்ஸ் சிஸ்டம் நெறிமுறைகள், ஜூலை 2010.
3. கஜா புயல், 16.11.2018.

ஐயா,

மேற்படி மலை பணிவுடன் தெரிவித்துக்கொள்வது யாதெனில், பார்வை 2-இல் கண்ட நெறிமுறைகள் நல்ல நெறிமுறைகள். பொறுப்பு அலுவலர் யார், களத்தில் கட்டளையிடுபவர் யார், டீசலுக்கும் சாப்பாட்டுக்கும் யார், பத்திரிகைக்காரர்களிடம் பேசுவது யார் என்று எல்லோருக்கும் கட்டம் போட்டிருக்கிறது. நிரப்பப் படிவங்களும் உண்டு. 1970-இல் கலிபோர்னியாவில் காடு எரிந்தபோது, அணைக்க வந்த துறைகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போக முடியாமல் திண்டாடின. அந்த அனுபவத்திலிருந்து அமெரிக்காவில் உருவான முறையின் இந்திய வடிவம் இது. மலைக்காட்டில் பிறந்ததால் பழனிமலைக்குச் சொந்தக்காரர்தான். என்ன, வீட்டுப் பக்கம் வந்து போவதில்லை.

பார்வை 3-ஐ ஆணையம் அருள்கூர்ந்து நினைவுகூர வேண்டும். 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறிய கஜா, அங்கேயே நின்றுவிடவில்லை. உள்மாவட்டங்களைத் தாண்டிக் கொடைக்கானலுக்கும் ஏறியது. கடலோரத்தில் பல்லாயிரம் பேரை முன்கூட்டியே முகாம்களுக்கு மாற்றிய அரசு, எதிர்க்கட்சியிடமே பாராட்டு வாங்கியது. மலையில் மரங்கள் சாய்ந்து சாலைகள் அடைபட்டன, மின்சாரம் போனது, மண்சரிவில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள்.

காட் ரோட்டில் ஒரு யூக்கலிப்டஸ் சாய்ந்து கிடப்பதாக ஆணையம் கற்பனை செய்து பார்க்கலாம். அதைச் சாய்த்த காற்றைக் கணிப்பது புவி அறிவியல் அமைச்சகம். வேரோடு பெயர்ந்து சரிந்த மண், சுரங்க அமைச்சகத்தின் பொறுப்பு. நிலச்சரிவுக்கு நாட்டில் அதுதான் முதன்மை அமைச்சகம். அதே சரிவு கோடையில் பற்றி எரிந்தால் சுற்றுச்சூழல் அமைச்சகம். மரம் விழுந்த ரோடு நெடுஞ்சாலைத் துறைக்கு, மரத்தடியில் நசுங்கிய கம்பி மின்வாரியத்துக்கு, மரம் நின்ற இடம் பெரும்பாலும் வனத்துறைக்கு. அந்தப் பக்கம் பிரசவ வலியோடு ஒருவரை ஏற்றிக்கொண்டு நிற்கும் 108 ஆம்புலன்ஸ் எந்தக் கட்டத்தில் வரும் என்பதை ஆணையமே சொல்லட்டும்.

இத்தனை பேரும் வந்து சேர்வதற்குள் பக்கத்து எஸ்டேட்டிலிருந்து பவர் சா வந்துவிடும். அதைக் கொண்டுவருபவர் எந்தப் படிவத்திலும் இல்லாதவர். வந்ததும் அறுக்க ஆரம்பிக்க மாட்டார். மரத்தின் கனம் எந்தப் பக்கம் இறங்குகிறது என்று சுற்றிவந்து பார்ப்பார். பார்க்காமல் வைத்தால் பிளேடு நடுமரத்தில் சிக்கிக்கொள்ளும். கிளைகளைக் கழித்து, கம்பியில் கரண்ட் இல்லை என்பதை யாராவது உறுதி செய்யும்வரை பீடி பற்றவைத்துக்கொண்டு காத்திருப்பார். அந்த உறுதியைச் சொல்ல வேண்டியவருக்கு டவர் கிடைக்காது. பெட்ரோல் காசு பவர் சாக்காரர் கையிலிருந்து போகும்.

இனிக் கட்டளை. நெறிமுறைப்படி மாவட்டத்தின் பொறுப்பு அலுவலர் ஆட்சியர். அவர் திண்டுக்கல்லில், சுமார் 95 கி.மீ. கீழே. வத்தலக்குண்டு ரோடு, பழனி ரோடு, பெரியகுளத்திலிருந்து வரும் அடுக்கம் ரோடு என்று கொடைக்கானலுக்கு மூன்று வழிகள் இருப்பதாக வரைபடம் காட்டும். மூன்றும் பெருமாள்மலையில் ஒன்றாகிவிடும் என்பதையும் அதே வரைபடம்தான் காட்டுகிறது. அதற்கு மேல், வெள்ளி அருவிப் பக்கம் மண் இறங்கினால் மூன்றுக்கும் ஒரே கதி. வெள்ளகவிக்கு இந்தக் கவலை கிடையாது. தலைமுறை தலைமுறையாக ரோடு இல்லாமல், நோயாளியை டோலி கட்டித் தூக்கிவந்த ஊர் அது.

2025-இல் சட்டத்தைத் திருத்தியபோது நகர்ப்புறப் பேரிடர் ஆணையம் என்று ஒன்றைச் சேர்த்தார்கள். மாநிலத் தலைநகரங்களுக்கும் மாநகராட்சிகளுக்கும் அது உண்டு. கொடைக்கானலோ வெறும் நகராட்சி. 2025 கோடைக்கு வெளியூர் வாகனங்களை வார நாளில் 4,000, வார இறுதியில் 6,000 என்று சென்னை உயர் நீதிமன்றம் கட்டுப்படுத்த வேண்டிய அளவுக்குக் கூட்டம் வரும் நகராட்சி. மண் சரிவதற்கு முன் மாநகராட்சியாகத் தரம் உயர வேண்டும் போலிருக்கிறது.

பக்கத்து மலையின் கதையையும் ஆணையம் அறியும். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேற்றம் போனவர்களைக் காட்டுத்தீ வளைத்துக்கொண்டது. முதலில் உதவிக்கு ஓடியவர்கள் ஊர்க்காரர்கள். முதலமைச்சர் கேட்டு, பாதுகாப்பு அமைச்சர் உத்தரவிட்டு, விமானப்படை ஹெலிகாப்டர்கள் வந்தபோது இருட்டிக்கொண்டிருந்தது. இறந்தவர்கள் 23 பேர்.

ஆகவே மேற்படி மலை கோருவது:

ஒன்று, ரோடும் போனும் அறுந்த நிமிடத்திலிருந்து கொடைக்கானல் கோட்டாட்சியரே முழுக் கட்டளை அலுவலர் என்று ஒரு வரி. வனம், மின்சாரம், நெடுஞ்சாலை மூன்றும் அவர் சொல்படி. கீழே கேட்டுச் சொல்கிறேன் என்ற பதிலுக்கு இடமில்லாமல்.

இரண்டு, வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே பெருமாள்மலைக்கு மேலும் கீழும் ஜேசிபி, பவர் சா, வயர்லெஸ். தனியார் ஆட்கள் பட்டியலும், அவர்களுக்கு அன்றன்றே கூலியும்.

மூன்று, வெளியூர் வண்டிகளுக்கான இ-பாஸ் பதிவு. மேலே எத்தனை வண்டி என்று அது சொல்லும். சரிவு நேரத்தில் அதை யார் திறந்து பார்ப்பது என்றும் எழுதிவிட்டால் நல்லது.

நான்கு, 1876-78 பஞ்சத்துக்குப் பிறகு, மழைக்கும் சூரியனுக்கும் தொடர்பு உண்டா என்று தேடிய ஆர்வத்தில் வந்தது கொடைக்கானல் சூரிய ஆய்வகம். 1901 முதல் சூரியனை அங்கே கவனித்துக் குறித்துவருகிறார்கள். 15 கோடி கி.மீ. தள்ளியிருப்பதற்குக் காட்டும் அதே சிரத்தை, காட் ரோட்டின் வெடிப்புகளுக்கும்.

இப்படிக்கு,
பழனிமலை.

நகல்:
1. புவி அறிவியல் அமைச்சகம் (காற்று) – தகவலுக்காக.
2. சுரங்க அமைச்சகம் (மண்) – தகவலுக்காக.
3. சுற்றுச்சூழல் அமைச்சகம் (தீ) – தகவலுக்காக.
4. பவர் சா வைத்திருப்பவர் – உடனடி நடவடிக்கைக்காக.