மறுபடியும் பன் ஒன்று

எங்கள் வீட்டில் 35 வருஷமாக ஒரு வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. குற்றவாளி ஒரு குரங்கு. சம்பவ இடம், ஊட்டி ரயில் தண்ணீர் பிடிக்க நிற்கும் ஹில்குரோவ் ஸ்டேஷன். அது எங்களிடமிருந்து எதைப் பிடுங்கிக்கொண்டு ஓடியது என்பதுதான் கேள்வி. போண்டா என்பது என் கட்சி. பன் என்பது என் மனைவியின் கட்சி. "எதுவா இருந்தா என்ன, என்கிட்டேருந்துதானே பிடுங்கிச்சு" என்பது என் மகனின் கட்சி.

மகன் அப்போது பிறக்கவே இல்லை. இதை எத்தனை முறை சொன்னாலும் அவன் காதில் ஏறுவதில்லை. பிறப்பதற்கு முன்னால் பார்த்த குரங்கின் முகம், மூக்கு, வால் நீளம் எல்லாவற்றையும் வர்ணிப்பான். சின்ன வயதிலிருந்து கேட்டுக் கேட்டு, கதைக்குள் ஒரு ஜன்னலோர சீட்டைப் பிடித்து உட்கார்ந்துவிட்டான்.

போன தீபாவளியன்று, பஜ்ஜி தட்டைச் சுற்றி எல்லாரும் உட்கார்ந்திருந்தபோது வழக்கு மறுபடி விசாரணைக்கு வந்தது. மருமகளுக்கு அது தலை தீபாவளி. புது ஆள் முன்னால் தோற்க எனக்கு மனசில்லை. "நான் அன்னிக்கே எழுதி வெச்சிருக்கேன். எழுத்துல இருக்கு" என்று அறிவித்துவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பரண்மேல் தலையை நுழைத்தேன்.

நுழைத்த பிறகுதான் வயிற்றைக் கலக்கியது. என் பயணக் குறிப்பு நோட்டுகளின் லட்சணம் எனக்குத் தெரியாதா?

மொத்தம் 11 நோட்டுகள். ஒவ்வொரு பயணத்துக்கும் முன்னால் புதிதாக வாங்கியவை. எல்லாவற்றிலும் முதல் பக்கம் கல்யாணப் பத்திரிகைபோல இருக்கும்: பிள்ளையார் சுழி, தேதி, கிழமை, நட்சத்திரம், அடியில் இரண்டு கோடு. அடுத்து ஆட்டோ பிடித்தது முதல் ஒன்றுவிடாமல் எழுதியிருப்பேன். கொடைக்கானல் நோட்டில், வீட்டைப் பூட்டியதிலிருந்து திண்டுக்கல் வரை ஏழு பக்கம். பூட்டை இழுத்துப் பார்த்தது மட்டும் ஒரு பத்தி. கொடைக்கானல் அரைப் பக்கம். "ஏரி பெரிதாக உள்ளது" என்று ஒரு வாக்கியம். மூன்றாம் நாள்: "எழுத நேரமில்லை." நான்காம் நாள் சலவைக் கணக்கு. பிறகு வெற்றுத்தாள். என் நோட்டுகளை மட்டும் வைத்து யாராவது என் வாழ்க்கை வரலாற்றை எழுதினால், இந்த மனிதர் ஊர் ஊராகக் கிளம்பியிருக்கிறார், எங்கிருந்தும் திரும்பி வரவில்லை என்று முடிவு செய்வார்கள்.

இந்த வியாதிக்குக் காரணம் ஏ.கே. செட்டியார். கல்லூரி நூலகத்தில் 'உலகம் சுற்றும் தமிழன்' கையில் சிக்கியது. காந்தியைப் பற்றி 1940இல் வெளிவந்த படத்துக்காகத் துண்டு துண்டுப் பிலிம்களைத் தேடிக் கண்டம் கண்டமாகப் போன மனிதர். அத்தனை சுற்றியும், எழுத்தில் 'நான்' என்பதைச் சாப்பாட்டில் உப்புபோல அளந்து போட்டவர். நானும் அப்படி எழுதுவது என்று தீர்மானம் செய்தேன். அவர் உப்பாகப் போட்டதை நான் சோறாகப் போட்டேன் என்பது இப்போது படித்துப் பார்க்கையில் தெரிகிறது. "எனக்கு ஜன்னலோரம் கிடைக்கவில்லை" என்பது ஆறு நோட்டுகளில் இருக்கிறது.

புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளை 1736இலிருந்து 1761 வரை, 25 வருஷம் நாட்குறிப்பு எழுதினார். பெரும்பாலும் ஊரைவிட்டு நகராமலேயே. எனக்கு நான்கு நாள் கொடைக்கானலுக்கு மை ஓடவில்லை. துரைமார்களிடம் துபாஷியாக இருந்துகொண்டே அவர் எழுதினார். அவருக்கு வேறு வேலை இல்லை என்று சொல்லி, எனக்கு நானே ஆறுதல் தேடவும் வழியில்லை. நான் ஹோட்டல் அறையில் சும்மாதான் படுத்திருந்தேன்.

நோட்டுகளைத் தூசி தட்டி இறக்கினேன். மருமகள் ஆசையாக மேலே இருந்ததை எடுத்தாள். டெல்லி நோட்டு. நான் தடுப்பதற்குள் சத்தமாகப் படிக்க ஆரம்பித்துவிட்டாள்.

"தாஜ்மகால். வர்ணிக்க வார்த்தைகள் இல்லை."

"அப்புறம், மாமா?"

"அவ்வளவுதாம்மா."

உண்மையில் வார்த்தைகள் இல்லைதான். அடுத்த 14 பக்கமும் எண்கள். ரயிலில் ரம்மி ஆடியபோது ஸ்கோர் எழுத வேறு காகிதம் அகப்படவில்லை. நான்கு பத்திகள்: நான், மச்சினன், சகலை, மாமனார். ஷாஜகானுக்கு ஒரு வரி, சகலைக்கு ஒன்றரை அடி நீளம்.

ஆனால் ஒரு வேடிக்கை நடந்தது. தாஜ்மகால் வரியைக் கேட்டபோது கொட்டாவி விட்ட கூட்டம், ரம்மி ஸ்கோரைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தது. சகலை பெயருக்குக் கீழே வரிசையாக ஸ்கூட் 20, ஸ்கூட் 20, திடீரென்று ஃபுல் 80. "இது நாக்பூர்!" என்றாள் மனைவி. ஆமாம், நாக்பூரேதான். ஆரஞ்சு வாங்க இறங்கியவர் பேரம் பேசிக்கொண்டே நின்றுவிட, வண்டி நகர, கடைசிப் பெட்டியில் தொற்றி ஏறி, ஒவ்வொரு பெட்டியாகத் தாண்டி, ஆரஞ்சைப் பனியனுக்குள் போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தார். அதற்குள் மாமனார் டிக்ளேர் செய்து, "ஆட்டத்துல ஆள் இல்லேன்னா ஃபுல் கவுண்டு" என்று எழுதவைத்துவிட்டார். மருமகனின் உயிர் போயிருக்குமே என்ற கவலை அவருக்கு அடுத்த ஆட்டத்தில்தான் வந்தது. நான் ஒரு எழுத்துகூட எழுதாத சம்பவம் இது. ஒரு 80 மட்டும் அதைப் பத்திரமாக வைத்திருந்தது.

"இப்பதான் போன் இருக்கே, அதுலயே எல்லாம் இருக்குமே, மாமா" என்றாள் மருமகள். இருக்கிறது. கன்னியாகுமரி சூரிய உதயம் மட்டும் 412 படம். எல்லாவற்றிலும் ஒரே சூரியன். பாதியில் என் கட்டைவிரல் அதற்கு முன்னால் உதித்திருக்கிறது. ஒரு நாள் உட்கார்ந்து தேவையில்லாததை அழிக்க வேண்டும் என்று நினைத்து ஆறு வருஷம் ஆயிற்று.

கடைசியில் ஊட்டி நோட்டு அகப்பட்டது. ஒரு வங்கி இலவசமாகக் கொடுத்த 1990 டைரி.

படிக்க முடியவில்லை. குறை கையெழுத்தில் இல்லை, ரயிலில். கல்லாறு தாண்டியதும் தண்டவாளத்துக்கு நடுவே பல் வைத்த இரும்புச் சட்டம் தொடங்கும். எஞ்சினின் பற்சக்கரம் அதைக் கவ்விக் கவ்வி ஏறும். பன்னிரண்டரை அடி போனால் ஓர் அடி உயரும் பாதை அது. நீராவி எஞ்சின் பின்னாலிருந்து தள்ளும். அந்தப் பல் ஒவ்வொன்றும் என் எழுத்தில் பதிந்திருக்கிறது. வரிகளும் ஏறக்குறைய அதே சரிவில் மேலே போகின்றன. 46 கிலோமீட்டரைக் கடக்க ஐந்து மணி நேரத்துக்குப் பத்து நிமிஷம்தான் குறைவு. உலகத்தில் சாவகாசமாகக் குறிப்பெழுத இதைவிட நல்ல ரயில் கிடையாது என்று நினைத்து ஏறியவன் நான். 16 குகைகள் இருப்பதை யோசிக்கவில்லை. குகைக்குள் பெட்டியே ஊளையிடும். இருட்டில் எழுதியதெல்லாம் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடந்தது. 2005இல் இந்த ரயிலை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தார்கள். என் டைரியின் அந்த ஆறு பக்கத்தையும் சேர்த்திருக்கலாம். ரயிலின் ஆட்டத்துக்கு அதைவிட நல்ல ஆவணம் இல்லை.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்க, தேடிய இடத்தை வாசித்தேன்.

"ஹில்குரோவ். வண்டி நின்றது. இங்கே ஒரு குரங்கு செய்த காரியத்தை இந்த ஜென்மத்தில் மறக்க முடியாது. ஆகவே எழுதவில்லை."

மருமகளுக்குப் புரையேறிவிட்டது. மகன் அவள் தலையைத் தட்டிக்கொண்டே சிரித்தான். என் மனைவி சிரிக்கவில்லை. "கடைசிப் பக்கம் பாருங்க" என்றாள்.

கடைசிப் பக்கங்கள் அவளுடைய இலாகா. எந்த ஊருக்குப் போனாலும், நான் முன்பக்கத்திலிருந்து இலக்கியம் எழுதுவேன், அவள் பின்பக்கத்திலிருந்து செலவு எழுதுவாள். இரண்டும் நடுவில் சந்தித்ததே கிடையாது. இதை வைத்து ஒரு காலத்தில் அவளைக் கேலி செய்திருக்கிறேன். பிறகுதான் ஏனுகுல வீராசாமியைப் பற்றிப் படித்தேன். 1830இல் சென்னையிலிருந்து நூறு பேர் கொண்ட கூட்டத்தோடு காசிக்குக் கிளம்பி, 15 மாதம் சுற்றிவிட்டுத் திரும்பியவர். தெலுங்கில் அவர் எழுதிய யாத்திரைக் குறிப்பில், எந்த ஊரில் கடை இருக்கிறது, என்ன சாமான் கிடைக்கும், தண்ணீர் எப்படி என்பதெல்லாம் ஒவ்வோர் இறங்குமிடத்துக்கும் வந்துகொண்டே இருக்கும். அதற்கு இன்று சரித்திர மதிப்பு. என் மனைவியும் அதே பரம்பரைதான் என்று அன்றைக்கே ஒப்புக்கொண்டேன். மனதுக்குள்.

டைரியைத் திருப்பிப் பிடித்து அவளே வாசித்தாள். பல் சட்டமாவது, குகையாவது? ஒரு எழுத்துகூட ஆடவில்லை. ஸ்டேஷனில் வண்டி நிற்கும்போது மட்டும்தான் எழுதுவாளாம்.

"மேட்டுப்பாளையம். காபி 2. பன் 2, மூணு ரூபா. எலுமிச்சம்பழம் 4. குன்னூர். டீ 1. மறுபடியும் பன் 1, ரெண்டு ரூபா. விலை கூட."

மலை ஏற ஏற பன்னும் ஏறியிருக்கிறது. ஆனால் என் கவலை அதுவல்ல. போண்டா என்ற சொல்லே கணக்கில் இல்லை. 35 வருஷமாக நான் கட்டிக்காத்த போண்டா, வாங்கப்படவே இல்லை.

"நாலு எலுமிச்சம்பழம் எதுக்கு?" என்று கேட்டேன், தோல்வியிலிருந்து பேச்சை நகர்த்த.

"மறந்துபோச்சா? மசக்கை. நாலாம் மாசம். ஊரே வேண்டாம்னு சொல்லிச்சு. அப்புறம் குகை குகையா மோந்துக்கிட்டே வந்தேன்."

மகன் பஜ்ஜியைக் கீழே வைத்தான். "அப்ப நான் வந்திருக்கேன்."

"டிக்கெட் இல்லாம" என்றேன்.

"அபிமன்யு கேட்டுக்கிட்டு இருந்தான்ல, அந்த மாதிரி நானும் பார்த்துக்கிட்டு இருந்திருக்கேன்."

"அபிமன்யு கேட்டான்டா. பார்க்கலை. அதுவும் பாதிதான் கேட்டான்."

"சரி. அம்மா, குன்னூர்ல மறுபடியும் ஒரு பன் வாங்கினீங்களே, அது யாருக்கு?"

"எனக்கெங்கே பசி? பன் வாசனையே ஆகலை. உனக்கு ஏதாவது போகணுமேன்னுதான் வாங்கினேன்."

"அதுக்கு முன்னாடி, குரங்கு எடுத்துக்கிட்டு ஓடினது?"

"அதுவும் உனக்குத்தான்."

அவன் எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தான். பிறகு என் பக்கம் திரும்பி, மிக நிதானமாக, "அது என் பன்னுப்பா" என்றான்.