யார் செய்த வேலை இது?

நேற்றும் ஒருவர் வந்தார். பானெட்டைத் தூக்கினார், குனிந்தார், உச்சுக்கொட்டினார். நிமிர்ந்ததும் கேட்டார்: "யார் செய்த வேலை இது?"

கோளாறு என்ன என்று கேட்கவில்லை. ஹெட்லைட்டில் ஒன்று விழித்துக்கொண்டு மற்றது தூங்குவதைச் சொல்ல எனக்கு வாய்ப்பே தரவில்லை.

வண்டி 1969 கார்வெட். மிச்சிகனில் என் ஷெட்டில் நிற்கிறது. அதன் ஹெட்லைட்டுகள் எழுவதும் படுப்பதும், வைப்பரை மூடியிருக்கும் கதவு திறப்பதும் எல்லாம் வேக்கத்தின் தயவு. எஞ்சின் இழுக்கும் காற்றால் இன்டேக் மேனிஃபோல்டில் பிறக்கும் வேக்கம் ரப்பர் ஹோஸ்களில் ஓடி, ஒரு தொட்டியில் சேர்ந்து, ரிலே வால்வு சொல்கிறபடி ஆக்சுவேட்டருக்குப் போகும். மாற்றம் செய்யாத நல்ல எஞ்சின் ஐட்லிங்கில் 17 முதல் 20 அங்குலப் பாதரசம் காட்டும். என் வண்டியில் எந்தப் புண்ணியவானோ பெரிய கேம்ஷாஃப்ட் மாட்டியிருக்கிறார். அதில் இன்டேக், எக்ஸாஸ்ட் வால்வுகள் சேர்ந்து திறந்திருக்கும் நேரம் அதிகம். வேகத்தில் பலம், ஐட்லிங்கில் பஞ்சம். கேஜ் முள் 10-ஐத் தாண்ட முக்குகிறது. கிடைக்கிற கொஞ்சத்திலும் பிரேக் பூஸ்டர் பங்கு கேட்கிறது. சிக்னலில் நின்று உறுமினால் தெருவே என்னைப் பார்க்கிறது. இருட்டிவிட்டால் எனக்குத்தான் தெரு தெரிவதில்லை.

கண்டுபிடிக்கும் வழி எளிது. வேக்கம் கைப்பம்பை ஒவ்வொரு ஆக்சுவேட்டரிலும் மாட்டி, 15 வரை இழுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். முள் நின்றால் நல்லது. இறங்கினால் டயாஃப்ரமோ, தண்டைச் சுற்றியுள்ள சீலோ போய்விட்டது. பிறகு ரிலே, செக் வால்வு, தொட்டி, ஹோஸ். என் வண்டியில் லீக் எங்கே என்பதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். சொல்கிறேன்.

ஆனால் அந்தக் கேள்வி! பிளம்பர் குழாயைத் தொடும் முன் கேட்கிறார். எலக்ட்ரீஷியன் சுவிட்ச் பலகையைக் கழற்றியதும் கேட்கிறார். வாயைத் திறந்து வைத்துப் பதில் சொல்ல முடியாத நிலையில் பல் டாக்டர் கேட்கிறார்: "இந்த ஃபில்லிங் யார் வைத்தது?" முடிவெட்டுகிறவர் பின்கழுத்தைத் தடவி, "போன தடவை எங்கே வெட்டினீங்க?" என்கிறார், துக்கம் விசாரிக்கிற குரலில். தையல்காரர் கேட்கிறார். ஜோசியர்கூடப் பழைய ஜாதகக் கட்டத்தைப் பார்த்து, "இதை யார் கணிச்சது?" என்கிறார். புது மேனேஜர் கேட்கிறார், புது மருமகள் மனசுக்குள் கேட்கிறாள். சாஃப்ட்வேர்க்காரர்கள் இதற்கு ஒரு கட்டளையே வைத்திருக்கிறார்கள், 'கிட் பிளேம்' என்று. எந்த வரியில் கடைசியாகக் கைவைத்தது யார் என்று பெயரோடு காட்டிவிடும். கார் கம்பெனி மட்டும் விலக்கா? கார்வெட்டின் மடங்கும் ஹெட்லைட்டுக்கு 1963-இல் மின்மோட்டார். 1968-இல் வேக்கம். 1984-இல் மறுபடி மோட்டார். ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு மேஜையில் யாரோ உச்சுக்கொட்டாமலா இருந்திருப்பார்?

"முந்தைய ஓனர்" என்று சொல்லிவிட்டால் போதும், முகம் மலர்ந்துவிடுகிறது. ஆனால் அந்த ஓனரும் வேறொருவரிடம் வாங்கியவர்தானே! இப்படியே பின்னோக்கிப் போனால் வண்டி பிறந்த செயின்ட் லூயிஸ் தொழிற்சாலை வாசலில் போய் நிற்க வேண்டியதுதான். இதற்குள் ஒரு மணி நேரக் கூலி ஏறிவிடுகிறது. நேற்று வந்தவர் அறிவாளி வேறு. லோட்டஸ் எலான் காரில் சேஸியின் முன் குறுக்குச் சட்டத்தையே வேக்கம் தொட்டியாக்கிய அழகை விவரித்துக்கொண்டிருந்தார். என் வேக்கம் எங்கோ 'உஸ்' என்று போய்க்கொண்டிருந்தது.

அவர் கைப்பம்பைப் பையிலிருந்து வெளியே எடுக்கவே இல்லை. எலெக்ட்ரிக் வேக்கம் பம்ப் ஒன்று வைத்துக்கொள்ளச் சொல்லி, பில்லை நீட்டிவிட்டுப் போய்விட்டார்.

லீக் எங்கே என்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். வைப்பர் கதவைப் பற்றி நான் இன்னும் வாயே திறக்கவில்லை. அதுவும்தான் திறக்கவில்லை.