ஒரு மாத விரதம் போதுமா?

கேள்வி: ஒரு மாதம் கஞ்சி மட்டுமே குடித்து உடல் இளைத்தேன், மூன்றே மாதத்தில் பழைய பருமன் திரும்பிவிட்டது. நிலையாக இளைக்க மார்க்கம் உண்டா? (வாசகர், திருச்சி)

பதில்: உண்டு. ஆனால் ஒரு மாத விரதத்துக்கு ஒரு மாதப் பலனே கிட்டும் என்பதையும், ஆயுள் முழுதும் வேண்டும் பலனுக்கு ஆயுள் முழுதும் அனுசரிக்கத்தக்க பழக்கமே சாதனம் என்பதையும் முதலில் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். நாள்தோறும் மூன்று வேளைக் காப்பியில் வேளைக்கு இரண்டு கரண்டி சர்க்கரை சேர்ப்பவர், கரண்டிக்கு 5 கிராம் என்று கொண்டால், வருஷத்தில் ஏறக்குறைய 11 கிலோ சர்க்கரையைத் தம்மை அறியாமலே பருகிவிடுகிறார். ஆகவே அந்த இரண்டை ஒன்றாக்கி, ஒன்றை அரையாக்கி, நாக்குப் பழகுவதற்கு அவகாசம் கொடுப்பது பட்டினி கிடப்பதைக் காட்டிலும் உத்தமமான காரியம்.

அமெரிக்காவில், நீரிழிவு வரக்கூடிய நிலையிலிருந்தவர்களிடம் நடத்தி 2002-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், எடையில் 7 சதவீதம் குறைப்பதையும் வாரத்துக்கு 150 நிமிஷம் உடற்பயிற்சி செய்வதையும் இலட்சியமாகக் கொண்டவர்களுக்கு, வெற்று மாத்திரை உண்டவர்களைவிட அவ்வியாதி வரும் அபாயம் 58 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் மருந்து உண்டவர்களுக்கோ 31 சதவீதமே குறைந்தது. அந்த 150 நிமிஷமும் வாரத்தில் ஐந்து நாள் அரைமணி வேக நடைதான்!

சாதத்தைப் பாதியாக்கிக் கீரையையும் பருப்பையும் கூட்டுங்கள். தீபாவளியன்று இரண்டு அதிரசம் தின்றுவிட்டால் விரதம் பங்கமாயிற்றென்று வருந்தாமல், மறுநாள் காலையில் வழக்கம்போல் நடக்கப் புறப்படுங்கள்; பழக்கத்தைக் கைவிடாதவரைப் பருமன் கைவிட்டே தீரும்.