முன்னவரும் பின்னவரும்

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துக்குச் செம்பாறை பார்க்கப் போகும் தம்பதியரில் "எங்களுக்குக் கூட்டம் ஆகாது" என்று சொல்லிக்கொள்கிற ஓர் இனம் உண்டு. ஸயான் தேசியப் பூங்காவின் பெயரை எடுத்தாலே முகம் சுளிப்பார்கள். ஆண்டுக்கு 40 லட்சம் பேருக்கு மேல் வந்து போகும் இடம் அது. அங்கே ஏஞ்சல்ஸ் லேண்டிங் உச்சிக்கு ஏற 2022 முதல் குலுக்கலில் பெயர் விழ வேண்டும். மலையேறவும் குலுக்கலா என்று கேட்டுவிட்டு, இவர்கள் வண்டியை கேப்பிடல் ரீஃப் பூங்காவுக்குத் திருப்புவார்கள். அங்கே கிராண்ட் வாஷ் என்றொரு காட்டாற்றுப் படுகை. ஆண்டில் பெரும்பாலான நாட்கள் பொட்டுத் தண்ணீர் கிடையாது. இருபுறமும் பல நூறு அடிக்குப் பாறைச் சுவர். இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு 2.2 மைல், அதாவது மூன்றரைக் கிலோமீட்டர். போய்த் திரும்பினால் ஏழு. பெரிய ஏற்ற இறக்கம் இல்லை. காலையில் வண்டியை நிறுத்தி, தொப்பியை மாட்டி, கதவைப் பூட்டி, பூட்டினோமா என்று இன்னொரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு நடக்கத் தொடங்குவார்கள். முதல் நூறு அடி கைகோத்தபடி. பிறகு சரளைக்கல் வரும். கை விடும். ஒருவர் முன்னவர் ஆவார், மற்றவர் பின்னவர். நான் சொல்ல வந்தது இதுதான்: நடையை நடத்துகிறவர் பின்னவர். முன்னவருக்கு இது கடைசிவரை தெரிவதில்லை.

முன்னவரைப் பார்த்த மாத்திரத்தில் அடையாளம் கண்டுகொள்ளலாம். கையில் ஊன்றுகோல் இரண்டு, கழுத்தில் தொலைநோக்கி, சட்டைப் பையில் செல்பேசி. பள்ளத்தாக்குக்குள் சிக்னல் எட்டாது என்பதால் வரைபடத்தை முந்தின இரவே விடுதி வைஃபையில் இறக்கி வைத்திருப்பார். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை அதை எடுத்துப் பார்த்து, "சரியான வழியில்தான் போகிறோம்" என்று அறிவிப்பார். வலப்பக்கம் பாறை, இடப்பக்கம் பாறை. குறுகலான பகுதியில் நடுவே இருப்பது 15, 20 அடிதான். இங்கே வழி தவற வேண்டுமானால் சுவரில் முட்டித்தான் தவற வேண்டும். கல்லைப் பற்றியும் அவரிடம் சரக்கு நிறைய உண்டு. வெளிர்நிறப் பாறை சுமார் 18 கோடி ஆண்டுகளுக்கு முன் பாலைவன மணல்மேடாக இருந்தது, செம்பாறையைச் சிவக்க வைத்தது இரும்புத் துரு, சுவரில் வழிந்தாற்போல் இருக்கும் கருங்கோடுகள் மாங்கனீசும் இரும்பும் படிந்தவை. எல்லாம் சரியான தகவல். ஆனால் முகத்தைத் திருப்பாமல் நடந்துகொண்டே சொல்வதால், இருபது அடி பின்னால் வருகிறவர் காதில் "கோடி", "துரு" என்ற இரண்டு சொல்தான் விழும். பின்னவர் "ஆமாம்" என்பார். பாறையும் ஒரு முறை "ஆமாம்" என்னும். முன்னவருக்கு மெத்தத் திருப்தி.

இனி பின்னவர். அவர் முதுகில் ஒரு பை. இந்த வறண்ட பிரதேசத்தில் ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு காலன், கிட்டத்தட்ட 4 லிட்டர், தண்ணீர் வேண்டும் என்பது பூங்காக்காரர்கள் சொல்லும் கணக்கு. முன்னவர் இதை மனப்பாடமாகச் சொல்வார், தூக்குவது பின்னவர். சுமை இல்லாமல் இருந்தால்தானே முன்னால் போய் வழி பார்க்க முடியும்! விளைவு என்னவென்றால், அரை மணிக்கு ஒரு தரம் நாக்கு வறண்டு முன்னவர் திரும்பி வந்தாக வேண்டும். முளைக்குச்சியில் கட்டிய கன்று துள்ளித்தான் ஓடும். கயிறு எவ்வளவோ அவ்வளவு. பின்னவர் நின்றால் நடை நின்றுவிடும். நிற்பதற்கோ காரணத்துக்குப் பஞ்சமில்லை. ஓரிடத்தில் பாறைச் சுவர் முழுக்கப் பணியாரச் சட்டி போலக் குழிகள். பின்னவர் ஒரு குழிக்குள் கட்டைவிரலை வைத்துப் பார்ப்பார். அளவெடுத்தாற்போல் பொருந்தும். விரலை எடுத்தால் நுனியில் நாலைந்து மணல் துகள் ஒட்டியிருக்கும். முன்னவர் அங்கே வாயால் சொல்லிக்கொண்டிருக்கும் 18 கோடி ஆண்டு இங்கே விரல்நுனியில் நறநறக்கும். மேலே எங்கோ பள்ளத்தாக்கு ரென் குருவி ஒன்று, படிப்படியாகக் கீழே இறங்கும் சுரத்தில் கூவும். "என்ன?" என்று குரல் கொடுப்பார் முன்னவர். "ஒன்றுமில்லை" என்பார் பின்னவர். அது பொய்யென்று நாம் சொல்ல வேண்டியதில்லை.

இதற்கு மறுப்புகள் வரும். ஒருவருக்குக் கால் நீளம், மற்றவருக்குக் குட்டை, அதனால் முன்பின் ஆகிறது, இதில் தத்துவம் எங்கே வந்தது என்று கேட்கலாம். கால் நீளம் வேகத்துக்குக் காரணம் சொல்லும். "சரியான வழி" அறிவிப்புக்குக் காரணம் சொல்லாது. தவிர, குட்டைக்கால் முன்னவர்களும் உண்டு. அவர்கள் ஓடுவார்கள். இது ஆண் பெண் விவகாரம், கணவனைக் கிண்டல் செய்வது பழைய சரக்கு என்பது அடுத்த மறுப்பு. இதுவரை எழுதியதில் யார் கணவன், யார் மனைவி என்று நான் சொல்லவே இல்லை. தமிழில் "அவர்" என்ற புண்ணியச் சொல் இருக்கிறது. முன்னவருக்கு மீசை வைத்தது உங்கள் கற்பனை. மனைவி முன்னவராகி, கணவன் பையோடு பின்னால் வரும் ஜோடிகள் இருக்கின்றன. இரண்டு பெண்கள், இரண்டு ஆண்கள் என்று வரும் ஜோடிகளும் இருக்கின்றன. ஆள் மாறினாலும் இடம் தன் வேலையைச் செய்துவிடுகிறது. பின்னவர்தான் நடத்துகிறார் என்றால் இன்னொருவரை ஏன் முன்னால் விட வேண்டும் என்பதுதான் கொஞ்சம் கனமான கேள்வி. மாட்டுவண்டியைப் பார்த்தவர்களுக்கு இந்தச் சந்தேகம் வராது. முன்னால் போவது மாடு. ஓட்டுகிறவர் பின்னால்தான் உட்கார்ந்திருக்கிறார். மேலும் இந்தப் பக்கத்தில் கிலுகிலுப்பை விரியன் உண்டு. சிலந்தி வலைகளும் முகத்து உயரத்தில்தான் கட்டப்படுகின்றன.

முக்கியமான முடிவுகளை எடுத்துக்கொண்டால் விஷயம் இன்னும் தெளிவாகும். ஜூலை முதல் செப்டம்பர் வரை அங்கே இடிமழைக் காலம். பல மைல் தள்ளிப் பெய்யும் மழை, தலைக்கு மேல் வெயில் அடிக்கும்போதே இந்தப் படுகையில் வெள்ளமாக வந்து இறங்கிவிடும். குறுகலில் ஏறித் தப்பவும் இடமில்லை. முன்னவர் நேர் மேலே நிமிர்ந்து, "நீல வானம்" என்று தீர்ப்புச் சொல்வார். பின்னவர் பாறை விளிம்பில் எட்டிப் பார்க்கும் ஒரு துண்டு மேகத்தைக் காட்டி, "திரும்பலாமா?" என்பார். கேள்விக்குறி சும்மா மரியாதைக்கு. இருவரும் திரும்புவார்கள். திரும்பிய கணத்தில் வேடிக்கை ஒன்று நடக்கும். பின்னால் இருந்தவர் முன்னால் ஆகிவிடுவார். இந்த முறைகேட்டை முன்னவரால் ஒரு நிமிடம் கூடத் தாங்க முடியாது. ஓரமாக, சரளையில் வழுக்கிக்கொண்டு, இடித்துக்கொண்டு முந்திப் போய்த் தன் இடத்தைப் பிடித்துக்கொள்வார். பின்னவர் ஒதுங்கி வழி விடுவார்.

காஸிடி வளைவு விவகாரமும் இப்படித்தான். ரயில் கொள்ளைக்காரன் புச் காஸிடியின் பெயர் தாங்கிய அந்தக் கல்வளைவுக்கு, நடை தொடங்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே கிளைப்பாதை பிரிகிறது. ஏற்றம் 670 அடி. காலையில் பலகையைப் பார்த்ததும் முன்னவர் துள்ளினார் என்றால், பின்னவர் "கூடாது" என்று சொல்லவே மாட்டார். "வரும்போது பார்த்துக்கொள்ளலாம்" என்பார். ஆறேழு கிலோமீட்டர் சரளையில் நடந்து அதே பலகைக்கு வந்து சேரும்போது, முன்னவரின் முழங்கால் பின்னவர் கட்சிக்குப் போயிருக்கும். "ஏறலாமா?" என்று பின்னவர் மிகுந்த பரிவோடு கேட்பார். "அடுத்த தடவை பார்க்கலாம்" என்று முன்னவர் தாமே முடிவெடுப்பார்.

அதற்குப் பிறகும் முன்னவர் விறுவிறுவென்றுதான் நடப்பார், வண்டியை நோக்கி. பக்கத்து ஃப்ரூட்டாவில் மோர்மன் குடியேறிகள் நட்ட பழத்தோட்டங்களைப் பூங்கா இன்றும் பராமரிக்கிறது. அங்கே 1908இல் கட்டிய கிஃபோர்ட் வீடு இப்போது ஒரு கடை. பருவத்தில் சின்னச் சின்னப் பழப் பை விற்பார்கள். இது தோளில் மாட்டும் பை அல்ல. மாவுக்குள் பழம் வைத்து அடுப்பில் சுட்டது. பல நாட்கள் பிற்பகலுக்குள் தீர்ந்துவிடும். தாமதிக்காமல் போக வேண்டும் என்பது தம்முடைய திட்டம் என்றே முன்னவர் நினைத்துக்கொண்டிருப்பார். எந்தப் பழம், எத்தனை என்பதையெல்லாம் பின்னவர் காலையிலேயே சொல்லியாயிற்று. காசு அந்த முதுகுப் பையில்தான் இருக்கிறது.